வழியில் ஒரு லாட்ஜ்

கன்னியாகுமரிக்கும் ஸ்ரீநகருக்கும் இடையே ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44-ல், சொந்தக் காரிலோ வாடகை வண்டியிலோ வடக்கே கிளம்புகிறவர்களை மனத்தில் வைத்து இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். மதுரை, நாமக்கல், சேலம், ஓசூர் என்று நம் ஊர்களைத் தாண்டி, பெங்களூரு, அனந்தபூர், கர்னூல், ஐதராபாத், நிர்மல், நாக்பூர், சிவனி, சாகர், ஜான்சி, குவாலியர், ஆக்ரா வழியாக டெல்லியைத் தொடும் சாலை இது. 2010-ல் எண்களை மாற்றும் வரை இதன் தென்பகுதி என்.எச்.7 ஆக இருந்தது. லாரிக்காரர்கள் பலர் இன்னும் ‘ஏழாம் நம்பர் ரோடு’ என்றுதான் சொல்கிறார்கள்.

பெருநகரங்களில் தங்குவதற்கு எத்தனையோ இடம் உண்டு. நடுவில் இருக்கும் ஊர்களில் நமக்கு வாய்ப்பது லாட்ஜ்தான். கீழே சாப்பாட்டுக் கடை, பக்கவாட்டில் மாடிப்படி, ஏறியதும் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் சாவி தொங்கும் பலகை, அதற்கு மேலே ஊதுவத்தி செருகிய சாமி படம். இப்படிப்பட்ட இடங்களை மட்டமாக நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவற்றின் மேல் மரியாதை உண்டு. துவைத்த விரிப்பு, தாழிட முடிகிற கதவு, நன்றாக ஓடும் மின்விசிறி, வண்டி நிறுத்த இடம், இந்த நான்கும் இருந்தால் லாட்ஜ் தன் வேலையைச் செய்துவிட்டது.

அங்கே நாம் காசு கொடுத்து வாங்குவது தூக்கம். மறுநாள் 400 கி.மீ. ஓட்டப்போகிறவர் இரவு எவ்வளவு தூங்கினார் என்பதில் காரில் இருக்கும் அத்தனை பேருடைய உயிரும் அடங்கியிருக்கிறது. ஆகவே அறையைப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வண்டி ஓட்டுகிறவர் இங்கே ஏழு மணி நேரம் இடைஞ்சல் இல்லாமல் தூங்குவாரா? டிவி பெரிதா, சுவரில் டைல்ஸ் ஒட்டியிருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம்.

எங்கே நிறுத்துவது

இருட்டுவதற்குள் அறைக்குள் போய்விட வேண்டும். இது நான் விட்டுக்கொடுக்காத விதி. வெளிச்சத்தில் போனால் நல்ல அறை மிச்சம் இருக்கும். பிடிக்காவிட்டால் அடுத்த லாட்ஜுக்கு நடந்து போய்ப் பார்க்கலாம். எட்டு மணிக்குள் சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் படுத்தால் விடிகாலையில் தெளிவாக எழலாம். இரவு பத்து மணிக்கு அசதியோடு மேசை முன்னால் நிற்பவருக்குக் கொடுத்த அறையை வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

‘இன்னும் நூறு கிலோமீட்டர்தானே, போயிடலாம்’ என்ற பேச்சு காரில் எழும் நேரமும் அதுதான். மனித உடம்பு நள்ளிரவு தாண்டி இரண்டு மணியிலிருந்து ஐந்து வரையும், மதிய உணவுக்குப் பிறகும் தானாகவே தூக்கத்துக்குச் சாயும். டீ குடித்தாலும் பாட்டுப் போட்டாலும் அது மாறாது. சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்காக 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் போகாமல் நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு என்று 2025 வரை வரையறுத்திருந்தது. சொந்தக் காரை ஓட்டுகிறவரின் கண்ணும் அதே கண்தான். உங்கள் பயணத்தையும் அந்தக் கணக்குக்குள் அடக்குங்கள்.

பெங்களூருவிலிருந்து ஐதராபாத் ஏறக்குறைய 570 கி.மீ. ஒரே நாளில் போய்விடலாம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். போகலாம், ஆனால் மாலை நெரிசலில் ஐதராபாத்துக்குள் நுழைந்து அறை தேட வேண்டியிருக்கும். பெங்களூருவிலிருந்து 360 கி.மீ. தொலைவில், துங்கபத்திரைக் கரையில் இருக்கிறது கர்னூல். அங்கே தங்கினால் மறுநாள் காலை ஷம்ஷாபாத்தில் ஐதராபாத்தின் வெளிவட்டச் சாலையில் ஏறி, நகரத்துக்குள் போகாமலே மேட்சல் பக்கம் இறங்கி மறுபடி 44-ஐப் பிடித்துவிடலாம். அடுத்த இரவுக்கு நிர்மல் அல்லது அதிலாபாத் பொருந்தும். நாக்பூருக்கு முன்னதாகவே நிறுத்துவது நல்லது.

நாக்பூரிலிருந்து சிவனி போகும் வழி பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிப் போகிறது. விலங்குகள் கீழே கடந்து போகட்டும் என்று சாலையைத் தூண்களின் மேல் தூக்கி, ஒலியும் ஒளியும் காட்டுக்குள் போகாதபடி இருபுறமும் தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். இந்தியாவில் சாலை போடுகிறவர்கள் காட்டை நினைத்துச் செய்த நல்ல வேலைகளில் ஒன்று. பகலில் கடந்தால் அதைக் கண்ணால் பார்க்கலாம். காட்டை ஒட்டிய துரியா பக்கம் இருப்பவை சுற்றுலாக்காரர்களுக்கான ரிசார்ட்டுகள், வாடகை எட்டாது. நம் கைக்கு அடங்கிய அறைகள் சிவனி ஊருக்குள் இருக்கின்றன.

குவாலியரைத் தாண்டினால் டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும் வரை பனிமூட்டம். பத்தடிக்கு முன்னால் நிற்கும் லாரியின் பின்விளக்கு தெரியாத காலைகள் அங்கே சாதாரணம். நம் ஊர்ப் பழக்கத்தில் ஐந்து மணிக்குக் கிளம்புவது அந்த மாதங்களில் அங்கே உதவாது. வெயில் எழும்பிய பிறகு ஒன்பது, பத்து மணிக்குத்தான் புறப்பட வேண்டும். அதனால் முந்தின இரவே, ‘காலையில் பத்து மணி வரை அறை இருக்குமா?’ என்று கேட்டுவிடுங்கள்.

ஊருக்குள் தங்குவதா, பைபாஸிலா? பழைய சாலை ஊர் நடுவே போன காலத்தில் லாட்ஜுகள் பேருந்து நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் சுற்றி எழுந்தன. நான்கு வழிச்சாலை வந்து போக்குவரத்து பைபாஸுக்கு நகர்ந்தது, கட்டடங்கள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. ஊருக்குள் இருக்கும் லாட்ஜில் வாடகை குறைவு, நல்ல சாப்பாடு நடக்கும் தூரத்தில், மருந்துக் கடையும் பக்கத்தில். ஆனால் கார் நிறுத்த இடம் இருக்காது, விடிகாலை முதல் பஸ் ஹாரன் கேட்கும். பைபாஸில் புதிதாகக் கட்டியவற்றில் இடம் தாராளம், ஆனால் சாலையைப் பார்த்த அறை கிடைத்தால் இரவெல்லாம் லாரி. நான் பைபாஸைத்தான் சொல்வேன், பின்பக்க அறை கிடைக்கும் என்றால்.

கிளம்பும் முன் நாள்காட்டியைப் பாருங்கள். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்து லாட்ஜ் முழுவதையும் மாப்பிள்ளை வீட்டார் எடுத்திருப்பார்கள். தைப்பூசத்தை ஒட்டித் திண்டுக்கல்லில் அறை கிடைப்பது பெரும்பாடு, சித்திரைத் திருவிழாவில் மதுரையும் அப்படித்தான். கார்த்திகை பிறந்து மகரவிளக்கு முடியும் வரை தென்மாவட்ட லாட்ஜுகளில் ஐயப்ப பக்தர்கள். வடக்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரை கல்யாணக் காலம். நெடுஞ்சாலை ஓரத்துத் திருமணத் திடல்களில் டி.ஜே. வைத்து ஊர்வலம் நடக்கும். அப்படி ஒரு திடல் எதிரே இருந்தால், அறை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த லாட்ஜ் வேண்டாம்.

மேசை முன்னால்

முதலில் வாடகையைக் கேட்காதீர்கள், அறையைக் கேளுங்கள். “ரூமைப் பார்த்துட்டுச் சொல்றேண்ணே” என்று சொன்னால் தமிழ்நாட்டில் எந்த லாட்ஜிலும் ரூம் பாயைச் சாவியோடு அனுப்பிவைப்பார்கள். ஆந்திரா, தெலங்கானாவில் தமிழும் தெலுங்கும் சைகையும் கலந்து சமாளித்துவிடலாம். நாக்பூர் தாண்டினால் “பையா, கம்ரா திகாயியே” போதும். அறையைக் காட்டத் தயங்குகிற இடத்தில் நிற்க வேண்டாம்.

பிடித்திருந்தால் கீழே வந்து வாடகை பேசுங்கள். சொல்லும் தொகை வரியோடு சேர்த்தா, தனியா என்று கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு முன் 12 சதவீதம் இருந்தது. பழைய கணக்கிலேயே பில் போட்டால் சுட்டிக்காட்டலாம். அடுத்து, செக்-அவுட் எப்போது என்று கேளுங்கள். நம் ஊர் லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு: மாலை ஆறு மணிக்கு வந்தால் மறுநாள் மாலை ஆறு மணி வரை அறை உங்களுடையது. மற்றவற்றில் நீங்கள் இரவு பதினொன்றுக்கு வந்தாலும் மறுநாள் மதியம் பன்னிரண்டோடு சரி. பனிக்காலத்தில் தாமதமாகக் கிளம்புகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம். அட்வான்ஸாக வாடகைக்கு மேல் ஒரு தொகை வாங்கிக்கொள்வது வழக்கம். அதற்கு ரசீது வாங்குங்கள், அல்லது யு.பி.ஐ.யில் கட்டுங்கள்.

ஆன்லைனில் பதிவு செய்திருந்தாலும் மதியமே லாட்ஜுக்கு நேரடியாகப் போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ‘அந்த ஆப் புக்கிங்கெல்லாம் நாங்க எடுக்கிறதில்ல சார்’ என்ற பதிலை மதியம் இரண்டு மணிக்குக் கேட்டால் வேறு இடம் பார்க்க நேரம் இருக்கும்.

பதிவேட்டில் பெயர், முகவரி, எங்கிருந்து எங்கே, வண்டி எண், எத்தனை பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்வார்கள். வயது வந்த ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை இருக்க வேண்டும். வடமாநிலங்களில் ஒருவர் அட்டையைக் காட்டி நான்கு பேர் தங்க விடமாட்டார்கள். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எதையும் காட்டலாம். பான் அட்டையில் முகவரி இல்லாததால் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆதார் கொடுப்பதானால் யு.ஐ.டி.ஏ.ஐ. தளத்தில் கிடைக்கும், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைக்கப்பட்ட ஆதாரை நகலெடுத்து வைத்துக்கொண்டு அதைக் கொடுங்கள். முழு எண் தெரியும் ஆதாரை யாரோ ஒருவருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பத் தேவையில்லை. அசல் அட்டையை அவர்களிடம் விட்டுவிட்டு அறைக்குப் போகாதீர்கள்.

இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வந்த உறவினர் உடன் வருகிறார் என்றால் தங்குமிடத்தை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் அந்தத் தகவலை 24 மணி நேரத்துக்குள் அரசின் இணையதளத்தில் ஏற்ற வேண்டியது லாட்ஜின் கடமை. அந்த ஏற்பாடு இல்லாத சிறிய லாட்ஜுகள் அவர்களைச் சேர்ப்பதில்லை. வயதான சித்தப்பாவை இரவு நேரத்தில் வாசல் வாசலாக அழைத்துப்போவது வேதனை. போனிலேயே, ‘ஃபாரின் பாஸ்போர்ட் இருக்கு, ரூம் தருவீங்களா?’ என்று கேட்டுவிடுங்கள்.

மணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பல லாட்ஜுகள் மறுக்கின்றன. சட்டத்தை இரவு எட்டு மணிக்கு மேசை முன்னால் நிலைநாட்டுவது கடினம், இதையும் போனில் தீர்த்துக்கொண்டு போவதே வழி.

அறைக்குள்

ரூம் பாய் கதவைத் திறந்ததும் லைட்டைப் போட்டுவிட்டு உடனே மின்விசிறியையும் போடுவார். அதற்கு முன் மூக்கால் பாருங்கள். ஈர வாடை வந்தால் சுவரில் கசிவு. ரூம் ஸ்பிரே தூக்கலாக அடித்தால் கீழே வேறு வாடை ஒளிந்திருக்கிறது.

அடுத்தது கட்டில். இதில் அவசரப்படாதீர்கள். செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, தலைமாட்டுப் பக்கம் விரிப்பின் மூலையைத் தூக்கி, மெத்தையின் ஓரத் தையலை இரண்டு விரலால் விரித்துப் பாருங்கள். பேனா மையைத் தொட்டு வைத்தது போல வரிசையாகக் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். துருப்பிடித்த நிறத்தில் சிறு கறைகள், கண்ணாடித்தாள் போன்ற உரித்த தோல், இவையும் அடையாளம். பூச்சி ஐந்து மில்லிமீட்டர் இருக்கும், தட்டையாக, செம்பழுப்பாக. பகலில் கண்ணில் படாது. மெத்தைத் தையல், கட்டிலின் ஆணித் துளை, தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம், திரைச்சீலை மடிப்பு, இங்கெல்லாம் ஒடுங்கிக் கிடக்கும். நாம் தூங்கி, மூச்சு சீரானதும் அந்த மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் மோப்பம் பிடித்து வெளியே வரும். கடியால் நோய் பரவுவதாகத் தெரியவில்லை, ஆனால் அன்றைய தூக்கம் போய்விடும். நாம் வந்த காரியமே அதுதான்.

ஒரு புள்ளி தெரிந்தாலும் அறையை மாற்றுங்கள். பக்கத்து அறை வேண்டாம், நேர் மேல், கீழ் அறைகளும் வேண்டாம். வயர் போகும் துளைகள் வழியாகவே அவை அறைக்கு அறை போய்விடும். பையைக் கட்டிலிலோ தரை விரிப்பிலோ வைக்காமல் மேசை மேல் வையுங்கள். பெரிய பெட்டிகள் காரின் டிக்கியிலேயே இருக்கட்டும், ஓர் இரவுக்கு வேண்டிய துணியை மட்டும் சிறிய பையில் எடுத்துக்கொண்டு மாடியேறுங்கள். சந்தேகம் வந்துவிட்டால், வீடு திரும்பியதும் துணிகளை 60 டிகிரி சூடான தண்ணீரில் துவைத்துவிடுங்கள்.

விரிப்பு மாற்றித் தரச் சொல்வதில் கூச்சம் எதற்கு? “தம்பி, வேற பெட்ஷீட் ஒண்ணு குடுப்பா, தலையணை உறையும்” என்றால் கொண்டுவந்து தருவார்கள். வடக்கே ‘சாதர்’ என்றால் புரியும். குளிர்காலத்தில் அங்கே தரும் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையின் உறையை அடிக்கடி துவைப்பதில்லை. நம் வீட்டுப் பழைய பருத்திச் சேலை ஒன்றை எடுத்துப்போய் உடம்புக்கும் ரஜாய்க்கும் நடுவே விரித்துக்கொள்வது நல்ல பழக்கம். எடையும் இல்லை, காலையில் அலசினால் காரிலேயே காய்ந்துவிடும்.

குளியலறையில் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா, கீழே வடிகிறதா என்று இரண்டையும் பாருங்கள். முழங்கால் வலி உள்ளவர் கூட வந்தால் வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கும் அறையைக் கேளுங்கள். கதவின் உள்தாழ்ப்பாளை நீங்களே போட்டுப் பாருங்கள். ஜன்னலில் கொசுவலை இல்லையென்றால் ஐந்தரைக்கே சாத்திவிட வேண்டும்.

தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் இன்னும் சில விஷயங்கள் செய்யலாம். அறை எண்ணை மேசையருகே உரக்கச் சொன்னால், மெதுவாக வேறு அறை கேளுங்கள். முதல் மாடியில், மாடிப்படிக்குப் பக்கத்தில், ஆள் நடமாட்டம் இருக்கிற அறை நல்லது. கதவிடுக்கில் செருகும் ரப்பர் அடைப்பு ஒன்று கைப்பையில் இருக்கட்டும். வெளியிலிருந்து மாற்றுச் சாவி போட்டாலும் கதவு நகராது. கேமரா பயம் இருந்தால் படுக்கையையும் குளியலறையையும் பார்த்தபடி இருக்கும் பிளக், கடிகாரம், புகை உணரி இவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள், லென்ஸ் இருந்தால் புள்ளியாக மினுங்கும்.

அறைக்கு வெளியே வந்து நடைபாதையின் இரண்டு முனைக்கும் ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள். எத்தனை மாடிப்படி இருக்கிறது, பின்பக்கப் படி இருந்தால் அதன் கதவு பூட்டியிருக்கிறதா, அங்கே அழுக்கு மூட்டைகளை அடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். 2019 பிப்ரவரியில் டெல்லி கரோல் பாகில் ஒரு ஹோட்டலில் அதிகாலை நேரத்தில் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். தூக்கக் கலக்கத்தில், புகையில், வழி தேடுவது எப்படியிருக்கும் என்று யோசித்தால் இந்த ஒரு நிமிட நடையை யாரும் தவிர்க்கமாட்டார்கள். ஜன்னலுக்குப் பெயர்க்க முடியாத கம்பியும் ஒரே ஒரு படியும் உள்ள கட்டடத்தில் மூன்றாம் மாடி அறையை நான் எடுப்பதில்லை.

வெந்நீர்

இதைத் தனியாக எழுதக் காரணம், தெற்கிலிருந்து போகிற நமக்கு இதன் ஆபத்து பழக்கமில்லை. நம் ஊர் லாட்ஜில் வெந்நீர் என்றால் சோலார், காலை எட்டு மணிக்குள் தீர்ந்துவிடும் என்பதோடு கவலை முடிந்தது. நாக்பூர் தாண்டிக் குளிர்காலத்தில் போனால் சிறிய லாட்ஜுகளின் குளியலறையிலேயே கேஸ் கீசர் மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். குழாயைத் திறந்ததும் உள்ளே எல்.பி.ஜி. எரிந்து தண்ணீரைச் சுட வைக்கும் பெட்டி அது.

குளிருக்காக வெண்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருப்பார்கள். நாமும் கதவைச் சாத்திக்கொண்டு நிதானமாகக் குளிப்போம். சின்ன அறையின் ஆக்சிஜனை அந்தச் சுடர் தின்னத் தின்ன, எரிதல் அரைகுறையாகி கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, இருமலும் வராது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். லேசாகத் தலை வலிக்கும், கால் தளரும், கதவைத் திறக்க வேண்டும் என்று தோன்றும் முன்பே விழுந்துவிடுவோம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் வடமாநிலச் செய்தித்தாள்களில் இந்தச் சாவுகள் வருகின்றன.

குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால், பக்கெட்டை நிரப்பிவிட்டு அதை அணைத்து, கதவைத் திறந்து வைத்துக் காற்றோட்டம் வந்த பிறகே உள்ளே போய்க் குளியுங்கள். அதைவிட நல்லது, “கரம் பானி ஏக் பால்டி” என்று கேட்டு வாங்கிக்கொள்வது. அடுப்பில் காய்ச்சிய ஒரு பக்கெட் தண்ணீரைக் கொண்டுவந்து தருவார்கள், கொஞ்சம் காசு கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். குளிர்காய்வதற்கு அங்கீட்டி என்ற கரியடுப்பைக் கொண்டுவந்து அறைக்குள் வைக்க முன்வந்தால் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து வருவதும் அதே நஞ்சுதான், அதுவும் நாம் தூங்கும் நேரத்தில். இன்னொரு ரஜாய் கேளுங்கள். வாட்டர் ஹீட்டர் கம்பியைக் கொடுத்தால், சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும், சுவிட்சை அணைத்தது மட்டும் போதாது.

டிரைவர் எங்கே படுக்கிறார்?

வாடகை வண்டியில் போகிறவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இது. குடும்பத்துக்கு இரண்டு ஏசி அறை எடுத்துவிட்டு, டிரைவரை “நீங்க வண்டியிலேயே படுத்துக்குங்க” என்று சொல்வது நம்மிடம் ஊறிப்போன வழக்கம். அவர் சரி என்பார். வேறென்ன சொல்வார்? கொசுவிலும் புழுக்கத்திலும் சீட்டைச் சாய்த்துப் போட்டு, கால் நீட்ட முடியாமல் மூன்று மணி நேரம் கண்ணயர்ந்தவர்தான் காலையில் நம் பிள்ளைகளை வைத்துக்கொண்டு 100 கி.மீ. வேகத்தில் ஓட்டப்போகிறார்.

புழுக்கம் தாங்காமல் அவர் என்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு தூங்கினால் அது வேறு ஆபத்து. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் டிரைவரும் உடன் வந்த ஊழியரும் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே பரவியதே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றித் தூங்கும் காரிலும் இதே நடக்கலாம்.

தமிழ்நாட்டில் 2023-ல் அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல்களிலும் லாட்ஜுகளிலும் டிரைவர்களுக்கென்று கழிப்பறையோடு கூடிய படுக்கைக் கூடம் இருக்க வேண்டும் என்று ஆக்கியது. நல்ல விதி. ஆனால் பழைய கட்டடங்களில் அது இல்லை, மற்ற மாநிலங்களில் கேட்கவும் முடியாது. எனவே பயணச் செலவைப் போடும்போதே டிரைவருக்கு ஓர் அறை வாடகையைச் சேர்த்துவிடுங்கள். நான்-ஏசி சிங்கிள் போதும், ஆனால் பூட்டும் கதவும் ஃபேனும் குளிக்கத் தண்ணீரும் இருக்க வேண்டும். “அண்ணே, உங்க ரூம் இது, சாப்பாட்டை நம்ம பில்லுல சேர்த்துடச் சொல்லியிருக்கேன், காலையில ஆறு மணிக்குக் கிளம்பலாம்” என்று சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு, அதன் பிறகு கோவில் பார்க்க, கடைக்குப் போக என்று அவரை எழுப்பாமல் இருங்கள்.

வண்டி

காரை வெளியே பார்த்த மாதிரி திருப்பி நிறுத்துங்கள். விடிகாலையில் கிளம்புகிறவர் என்றால் சுவரோரம் உள்ளே போய் மாட்டிக்கொள்ளக் கூடாது. உங்களுக்குப் பின்னால் வந்தவர் குறுக்கே நிறுத்திவிட்டு நான்காம் மாடியில் தூங்கிக்கொண்டிருப்பார். வாட்ச்மேனிடம் புறப்படும் நேரத்தைச் சொல்லுங்கள். கேட்டைப் பூட்டுவார்களா, சாவி யாரிடம் இருக்கும் என்று கேளுங்கள். உங்கள் போன் எண்ணைக் கண்ணாடிக்குள் வையுங்கள். டேஷ் கேமரா, பைகள், சில்லறை எதுவும் வெளியே தெரியக் கூடாது. வெளிமாநிலப் பதிவெண் என்றாலே பார்ப்பவர் கண்ணில் படும்.

இரவு சாப்பாட்டைப் பற்றி நிறைய எழுத வேண்டியதில்லை. கூட்டம் இருக்கிற கடையில், சூடாக இறக்கியதை, வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுங்கள். வடக்கே தாபாவில் தால், தவா ரொட்டி, தயிர் போதும். பாட்டில் தண்ணீர் வாங்கும்போது மூடியின் வளையம் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கூடவே எடுத்துப்போக வேண்டியவை: சேலை அல்லது போர்வை, தலையணை உறை, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் (அறையில் ஒரு பிளக் இருந்தால் அது கட்டிலிலிருந்து பத்தடி தள்ளித்தான் இருக்கும்), கொசுவிரட்டி, காதடைப்பான், சிறிய பூட்டு, சோப்பு, துண்டு, ரப்பர் செருப்பு, டார்ச். சாலையில் எது நடந்தாலும் அழைக்க நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033, அவசரத்துக்கு 112, இரண்டையும் போனில் பதிந்து வையுங்கள்.

கிளம்பும் காலையில்

அட்வான்ஸ் மிச்சத்தை இரவே பேசி முடித்துவிடுங்கள். ஐந்து மணிக்கு மேசையில் இருக்கும் இரவுப் பணியாளர் கையில் பணம் இருக்காது, “முதலாளி எட்டு மணிக்கு வருவார் சார்” என்பார். அறையை விட்டு இறங்கும் முன் லைட் எல்லாவற்றையும் போட்டு, பிளக்கில் சார்ஜர், கதவுக்குப் பின்னால் கொக்கியில் துண்டு, தலையணைக்கு அடியில் கண்ணாடி, குளியலறை அலமாரியில் மாத்திரை டப்பா என்று நான்கு இடமும் பாருங்கள். ரூம் பாய்க்கு ஐம்பதோ நூறோ அவர் கையிலேயே கொடுங்கள். மேசையில் கொடுத்தால் அவருக்குப் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

கீழே இறங்கி வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, டயரையும் அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். டிரைவரிடமோ, ஓட்டப்போகும் உங்கள் தம்பியிடமோ, “நல்லாத் தூங்கினியா?” என்று கேளுங்கள். இல்லை என்றால், இன்னும் இரண்டு மணி நேரம் படுக்கச் சொல்லி அறைச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொடுங்கள். 24 மணி நேர செக்-அவுட் உள்ள லாட்ஜில் அதற்குக் கூடுதல் காசு இல்லை, இல்லாத இடத்தில் அரை நாள் வாடகை கேட்டாலும் கொடுத்துவிடுங்கள்.